ஆடிக் கிருத்திகை வரைக்கும்

மாரிகுப்பம்
ஆடி 16, வியாழக்கிழமை

இல்ல சுனிலு, நீயே சொல்லு. கயித்தை அவுக்கறதுன்னா கோயிலுக்கு வந்து, கற்பூரம் ஏத்தி, பூசாரி கையால அவுக்கணுமா, இல்ல பெங்களூர்ல குழாயடியில நின்னுகினு பிளேடால அறுக்கணுமா? குடிக்க மாட்டேன்னு முனீஸ்வரன் பேரைச் சொல்லிக் கட்டின கயிறுடா அது. ஷூ கயிறுன்னு நெனச்சிகினியா?

ஆஸ்டின் மேல கோவப்படாதே. நான்தான் அவன் ரயிலை விட்டு எறங்கறதுக்குள்ள ஸ்டேஷன்ல போய் நின்னுகினு, சொல்லாம நவுர விடமாட்டேன்னு கையைப் புடிச்சேன். அந்தப் புள்ளைக்குப் பொய் வரலை. அவங்கம்மா டெய்சி அப்படி வளத்துக்கீது. சர்ச்சுக்குப் போறவங்களா இருந்தா இன்னா, புள்ளையை வளக்கத் தெரியுது அவளுக்கு. உங்கம்மா செத்தப்போ நீ இடுப்புல கீறே, உன்னை வளத்தவ நானு. ஊர்ல யாரைக் கேள்வி கேக்கும்னு நெனைக்கறே?

நீ என் போனை எடுக்கறதில்ல. எடுத்தாலும் "அப்பால பேசறேன் அத்தே"ன்னு வெச்சிடறே. ரெண்டு நாளா ரிங்கு கூட போகலை. பக்கத்து வூட்டு நேத்ரா பாத்துட்டு, "உங்க நம்பரை பிளாக் பண்ணிக்கீறான் ஆண்ட்டி"ன்னா. சரி, பண்ணிக்கோ. கிராமத்து ஸ்கூல்ல எட்டாவது படிச்சவ நானு, எனக்கு எழுதத் தெரியும். ஆஸ்டின்தான் தினம் வேலைக்கு பெங்களூர் வரானே, அவன் கையில குடுத்தனுப்பறேன். பதிலும் அவன் கையிலயே குடு. தபால்ல போட்டா உங்கப்பன் கையில சிக்கும். அவனுக்கு நீ குடிக்கறதே தெரியாது. கோயிலுக்குப் போனோமே, அதைக்கூட பரீட்சைக்கு வேண்டுதல்னுதான் சொல்லிக்கீறேன். அது பொய்யில்ல, பாதி நெஜம்தான்.

திங்கக்கிழமை கிருத்திகை. விரதம் இருந்து, பொங்கல் வெச்சு, உனக்குப் பிரசாதம் கட்டி, செவ்வாக்கிழமை காலையில ஆஸ்டின் கையில குடுத்தேன். பரீட்சைக்குப் போறதுக்கு முன்னால புள்ளை ஒரு வாய் துண்ணுட்டுப் போகட்டும்னு. அவன் வந்து பாத்தா நீ ஷூ கூட அவுக்காம பாயில குப்புறக் கெடந்தியாமே. ரூம்பு பூரா நாத்தமாமே. பிரசாதத்தை எங்க வெக்கறதுன்னு தெரியாம ஜன்னல்ல வெச்சிட்டு வந்தானாம். கிறிஸ்தவப் புள்ளைக்குத் தெரியுது, சாமி சோத்தைக் கீழ வெக்கக் கூடாதுன்னு.

நான் திட்டறதுக்கு எழுதலை. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்தக் கணக்குப் பேப்பரு ஒண்ணுதான் பாக்கின்னே. அது பாஸானா நீ இஞ்சினீயரு. பாஸானா வேலைக்கு எடுத்துக்கறேன்னு கம்பெனிக்காரன் காகிதமும் குடுத்துட்டான். உங்கப்பன் பங்காருபேட்டை அரிசி மில்லுல வாட்ச்மேன் வேலைக்குப் போறப்பெல்லாம் அந்தக் காகிதத்தோட போட்டோவைத்தான் போன்ல காட்டிகினு கீறான்.

பரீட்சை எழுதினியா இல்லியா, அதைச் சொல்லு.

முறுக்கு வெச்சிக்கீறேன். டப்பாவைத் திருப்பி அனுப்பு.

உன் அத்தை
ரத்தினம்மா

~

பெங்களூரு
ஆகஸ்ட் 4

அத்தே,

எழுதலை.

நீ கேட்டதுக்கு பதில் அவ்ளோதான். ஆஸ்டின் வாசல்ல நிக்கறான், "இன்னும் நாலு வரி எழுதுடா, இதைக் கொண்டுபோய்க் குடுத்தா உங்கத்தை என்னைத்தான் கொல்லும்"ங்கறான். அதனால எழுதறேன். பத்தாவதுக்கு அப்புறம் தமிழ்ல எழுதினதே இல்ல. தப்பு இருந்தா சிரிக்காதே.

பரீட்சை அதுக்கு முந்தின வாரமே முடிஞ்சிருக்கணும். மழைக்கு லீவு வுட்டாங்க, செவ்வாக்கிழமைக்குத் தள்ளிப் போட்டாங்க. நீ போட்ட கெடு திங்கக்கிழமை முடிஞ்சிது. இதுல நான் இன்னா செய்யறது?

கோயில்ல இன்னா நடந்துதுன்னு ஞாபகம் இருக்கா? பூசாரி என்னைப் பாத்துதான் கேட்டாரு, "எது வரைக்கும்பா தொட மாட்டே?"ன்னு. ஒரு வருஷம்னு சொல்ல வாயெடுத்தேன். நீ நடுவுல பூந்து "ஆடிக் கிருத்திகை வரைக்கும் சாமி"ன்னே. அவரு கட்டிட்டாரு. நீ என்னை நம்பலை. அதான் மேட்டரு.

கயித்தோட குடிச்சா ரத்தம் கக்கிச் சாவேன்னு பயந்துதான் நான் குடிக்கலைன்னு நெனைக்கறே. அதில்ல. ரூம்ல நாலு பேரு இருக்கோம். எவனுக்காவது இன்டர்னல் முடிஞ்சா பாட்டிலு, ஃபெயிலானா பாட்டிலு, லவ்வு புட்டுகினா ரெண்டு பாட்டிலு. வேணாம்னு சொன்னா விடமாட்டானுங்க. "சீன் போடாதே மச்சா"ம்பானுங்க. ஆனா கையில கயித்தைப் பாத்தா அவனுங்களே கிளாசை நவுத்திடுவானுங்க. "சாமி கயிறு குரு, அவனுக்கு ஊத்தாதே." எந்தச் சாமின்னு எவனுக்கும் தெரியாது, எல்லாருக்கும் பயம். என் பேச்சுக்கு இல்லாத மருவாதி அந்த நூலுக்கு இருந்துச்சு. அந்த ரெண்டு மாசம் நான் படிச்ச மாதிரி நாலு வருஷத்துல படிச்சதில்ல அத்தே. கணக்கு புரிஞ்சுது. எனக்கே ஆச்சரியம்.

மனோகர்னு ரூம்மேட் இருக்கான்ல, அவன் காலண்டர்ல கிருத்திகையை ரவுண்டு போட்டு "சுனில் ரிலீஸ்"னு எழுதி வெச்சிருந்தான். கெட்டவன் இல்ல, ஜாலிக்கு. அன்னிக்கு எனக்காகவே வாங்கிட்டு வந்தானுங்க. நாளைக்கு பேப்பர்டான்னேன். "ஒரே ஒரு பியரு, நல்லாத் தூக்கம் வரும், காலையில ஃப்ரெஷ்ஷா எழுதலாம்"னானுங்க. இன்னிக்கு வேணாம்னு சொல்றதுக்கு என்கிட்ட காரணம் ஒண்ணும் இல்ல. கெடு முடிஞ்சிடுச்சே.

ஆஸ்டின் வந்துட்டுப் போனது தெரியும். கனவு மாதிரி. முழிச்சப்போ ஹால்ல பாதி நேரம் ஓடிடுச்சு. லேட்டா போனா உள்ள விட மாட்டாங்க.

படிச்சது எல்லாம் இப்பவும் ஞாபகம் இருக்கு. அதுதான் பேஜாரு.

அப்பாகிட்ட சொல்லாதே.

சுனில்

~

மாரிகுப்பம்
ஆடி 22, புதன்கிழமை

நல்லா எழுதறே. உன் கையெழுத்தைப் பாத்துட்டு அழுதேன், அப்பால எழுதினதைப் படிச்சிட்டு அழுதேன். ரெண்டு தபா அழ வெச்சிட்டே, சந்தோஷமா இரு.

நம்பலைன்னு சொல்றியே. எப்படிடா நம்பறது? வைகாசியில வாய்ப் பரீட்சைக்குக் குடிச்சிட்டுப் போனியே, அந்த மேடம் போன் பண்ணிச்சே எனக்கு, அப்பத்தான் எனக்கே தெரியும். கன்னடத்துல மெதுவா, மருவாதியா சொல்லிச்சு. "நிம்ம ஹுடுகன கரகொண்டு ஹோகி அம்மா"ன்னு. உங்க புள்ளையைக் கூட்டிகினு போங்கம்மான்னு. நான் அடுப்பு மேல பாலை வெச்சிட்டுப் பேசிகினு இருந்தேன், பாலு பொங்கி அணைஞ்சு போச்சு. ஏதோ அந்தத் தாயி மனசு வெச்சு மார்க் போட்டு அனுப்பிச்சு, இல்லன்னா அன்னிக்கே முடிஞ்சிருக்கும். அந்த நெலமையில கீற புள்ளையை இழுத்துகினு தமிழ்நாட்டு பார்டர் தாண்டி மலையடிவாரத்துக்குப் போறேன், பூசாரி கெடு கேக்கறாரு. நீ ஒரு வருஷம்னு சொல்லி, நடுவுல ஒரு நாள் அந்த மனோகரு ஊத்திக் குடுத்து, நீ குடிச்சு, சாமி குத்தமாயிட்டா? பாரு, நம்ம லைன் வூடுங்கள்லயே, பேரு சொல்ல மாட்டேன், கயித்தோட குடிச்சவன் மூணாம் மாசம் மூக்குல வாயில ரத்தம் வந்து போனான். டாக்டரு ஈரல்னாரு. ஈரலைக் கெடுத்தது யாரு?

அதனாலதான் குட்டியா ஒரு கெடு சொன்னேன். பரீட்சை ஆடி பொறந்த மொத வாரத்துல முடிஞ்சிடும்னு காகிதத்தைக் காட்டினது நீதானே. அதுக்கு மேலயும் கிருத்திகை வரைக்கும் இருக்கட்டும்னு சேத்துதான் சொன்னேன். மழை வரும்னு நான் கண்டேனா? மழை வேணும்னுதான் மாரியாத்தாளுக்குக் கூழ் ஊத்திகினு இருந்தோம் இங்க.

நீ ஒரு வருஷம்னு சொல்ல வாயெடுத்தேங்கறே. நெஜமாவா? உன் மூஞ்சிய நான் பாக்கலை, பூசாரியைப் பாத்துகினு இருந்தேன். நெஜமா இருந்தா நல்லா இருக்கும்னு தோணுது. அப்புறம் நெஜமா இல்லாம இருந்தாத்தான் நல்லா இருக்கும்னும் தோணுது.

உங்கப்பன் தெனம் கேக்கறான், "ரிசல்ட்டு எப்போக்கா?" வரும்டான்றேன். நேத்து புது பேன்ட்டு சட்டை எடுத்துகினு வந்துட்டான் உனக்கு, வேலைக்கு மொத நாள் போட்டுகினு போறதுக்கு. இடுப்பு அளவு தெரியாம தன் இடுப்புல வெச்சுப் பாத்து வாங்கிக்கீறான். உனக்கு அது நிக்காது.

மறுபடியும் எப்போ எழுதலாம்? அதைக் கேட்டு எழுது. ஆடிக் காத்துல தங்கம் எடுத்துட்டுக் கொட்டின சைனைடு மேட்டு மண்ணு வூடு பூரா பறந்துகினு கீது, சோத்துல கூட மண்ணு. எனக்கு இருமலு. அது இருக்கட்டும். நீ துண்றியா?

டப்பா வரலை.

ரத்தினம்மா

~

மாரிகுப்பம்
ஆவணி 2, ஞாயித்துக்கிழமை

மூணு தபா ஆஸ்டினை அனுப்பிட்டேன். ரூம்பு பூட்டிக்கீதுன்னு வந்து சொல்றான். நேத்து அந்த மனோகரு இருந்தானாம், "அவன் இங்க சரியா வர்றதில்ல, தெரியலை"ன்னானாம். ஒரே ரூம்புல கீறவனுக்குத் தெரியலையாம். ஊத்தறப்போ தெரிஞ்சுதே.

உங்கப்பன்கிட்ட சொல்லிட்டேன். நானா சொல்லலை. கம்பெனிலருந்து உன் போனுக்குப் பேசிப் பாத்துட்டு, நீ எடுக்கலைன்னு, நீ எழுதிக் குடுத்த உங்கப்பன் நம்பருக்குப் பேசிட்டாங்க. அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது, போனைக் கொண்டாந்து நேத்ரா கையில குடுத்தான், அது கேட்டுச் சொல்லிச்சு. பரீட்சை எழுதாததால வேலைக்கு வர வேணாமாம். நேத்ரா சொல்லிட்டு உள்ள போயிடுச்சு. நான்தான் மீதியைச் சொன்னேன்.

உங்கப்பன் சட்டையை மடிச்சு கவர்லயே வெச்சான். அப்பால, "அடுத்த தபா எழுதுவான்ல?"ன்னான். எழுதுவான்னேன். டூட்டிக்குப் போயிட்டான். மில்லுல இப்போ யாருக்கும் போனைக் காட்டறதில்லன்னு கேள்வி.

டெய்சி உனக்கோசரம் மாதா கோயில்ல மெழுகுவத்தி ஏத்திகினு கீது. நான் வேணாம்னு சொல்லலை. எந்தக் கதவு தொறக்குதோ தொறக்கட்டும். ராசா, ரெண்டு வரி போதும், இருக்கேன்னு எழுது.

~

பெங்களூரு
ஆகஸ்ட் 25

அத்தே,

இருக்கேன்.

ஆஸ்டின் என்னை ரோட்டுல பாத்துட்டான். ஒரு ஹோட்டல் வாசல்ல, சாப்பாடு டெலிவரி பையை மாட்டிகினு நின்னுகினு இருந்தேன். ஓடிடலாம்னு பாத்தேன், பை பெருசு. உன் லெட்டர் ரெண்டையும் அவன் பையிலயே வெச்சிகினு சுத்திகினு இருந்திருக்கான் பாவம். இப்போ டீக்கடையில உக்காத்தி வெச்சிருக்கான், எழுதி முடிச்சாத்தான் டீயாம்.

நீ கேக்காத ஒண்ணைச் சொல்றேன். ஏன் குடிக்க ஆரம்பிச்சேன்னு நீ கேக்கவே இல்ல. அவன் ஊத்தினான் இவன் ஊத்தினான்னு உனக்கு நீயே பதில் சொல்லிகினே.

ஃபர்ஸ்ட் இயர்ல நான் வாயே தொறக்கலை. பத்து வரைக்கும் தமிழ் மீடியம், இங்க வந்தா சாரு இங்கிலீஷ், பசங்க இங்கிலீஷ், கேன்டீன்ல கன்னடம். என் பேரையே "சைலன்ட் மோட்"னு வெச்சிருந்தானுங்க. செகண்ட் செம்ல ஒரு பர்த்டேக்கு கூட்டிகினு போனானுங்க. ஒரு பியரு. அரை மணி நேரத்துல நான் இங்கிலீஷ்ல பேசிகினு இருக்கேன் அத்தே. கிராமரு கிடக்குது, பேசறேன், ஜோக் அடிக்கறேன், அவனுங்க சிரிக்கறானுங்க. "டேய் கேஜிஎஃப், இவ்ளோ நாள் எங்கடா இருந்தே?"ன்னானுங்க. அன்னிக்கு நைட்டு நான் எவ்ளோ சந்தோஷமா இருந்தேன்னு உன்கிட்ட சொல்லணும்னு இருந்துச்சு. சொல்ல முடியாதுல்ல.

அப்புறம் செமினாருன்னா ஒண்ணு போட்டுகினு போவேன். குரூப் ஸ்டடின்னா ஒண்ணு. காலையில லேப்புக்கு எழுந்திரிக்க முடியாது, அட்டென்டன்ஸ் போச்சு. அதைச் சொல்லி சார்கிட்ட கெஞ்சணும், கெஞ்சறதுக்கு இங்கிலீஷ் வேணும், அதுக்கு ஒண்ணு. கணக்குப் பேப்பரு அப்படித்தான் தங்கிப் போச்சு. வைவாவுக்குக் குடிச்சிட்டுப் போனது திமிருல இல்ல. குடிக்காம போனா எனக்குத் தெரிஞ்சது எதையும் சொல்ல முடியாதுன்னு போனேன். நல்லாத்தான் பதில் சொன்னேன். அந்த மேடம் மார்க் போட்டது இரக்கத்துல இல்ல. நான் கரெக்டா சொன்னேன். நாத்தம் மட்டும்தான் தப்பு.

இப்போ தெனம். மறுபடி எழுதறது ஜனவரியில. புக்கு எடுத்தா கை ஆடுது. ஒரு கட்டிங் போட்டா கை நிக்குது, எழுத்து தெரியுது, ஆனா படிச்சது உள்ள போகமாட்டேங்குது. போடலைன்னா மூளை இருக்குது, கை இல்ல. ரெண்டும் ஒரே நேரத்துல எனக்குக் கிடைக்கலை. ரெண்டும் சேந்து இருந்தது அந்த ரெண்டு மாசம்தான்.

அத்தே, மறுபடியும் கட்டு. நான் வரேன். இந்த தடவை நீ ஒண்ணும் பேசாதே. அவரு கேக்கட்டும். உசுரு இருக்கற வரைக்கும்னு நான் சொல்றேன். ஆஸ்பத்திரிக்குப் போடான்னு ஆஸ்டின் சொல்றான், மாத்திரை குடுப்பாங்களாம். மாத்திரையைக் காட்டி மனோகர்கிட்ட நான் இன்னா சொல்றது? கயிறுன்னா காட்டலாம்.

அப்பா வாங்கின சட்டையை வெச்சிரு. பேன்ட்டை ஆல்டர் பண்ணிக்கலாம்.

சுனில்

~

மாரிகுப்பம்
ஆவணி 12, புதன்கிழமை

கண்ணு, நீ எழுதினதை சாமி படத்துக்கு முன்னால வெச்சுப் படிச்சேன். மூணு தபா படிச்சேன். இங்கிலீஷுக்கோசரம் குடிச்சேன்னு எழுதியிருக்கறது எனக்குச் சரியா வெளங்கலை. ஆனா நீ பொய் சொல்லலைன்னு மட்டும் தெரியுது. எங்ககூட வூட்டுல இருக்கறப்போ வாய் ஓயாம பேசுவியேடா நீயி. ரயிலு ஏறி எறங்கறதுக்குள்ள பேச்சு எங்க போச்சு உனக்கு?

சரி, அதெல்லாம் நேர்ல. நீயா கேட்டே பாரு, கட்டுன்னு. அது போதும் எனக்கு. மொத தபா நான் இழுத்துகினு போனேன், கன்னுக்குட்டிய இழுக்கற மாதிரி. இந்த தபா நீயா வரே. முனீஸ்வரனுக்கு அந்த வித்தியாசம் தெரியாதா இன்னா?

எல்லாம் யோசிச்சிட்டேன். வர்ற வெள்ளிக்கிழமை. நீ வியாழக்கிழமை சாயங்கால ரயிலுக்கே ஆஸ்டினோட வந்துடு, தனியா வராதே, அவன் உன்னை எங்கயும் எறங்க விடமாட்டான், நான் சொல்லி வெச்சிக்கீறேன். உங்கப்பன் ஒண்ணியும் கேக்க மாட்டான். தட்டு போட்டு சோறு வெப்பேன், துண்ணு, படு. காலையில தலைக்கு ஊத்திகினு மொத பஸ்ஸு. எலுமிச்சம்பழம் டெய்சி வூட்டு மரத்துலயே கீது, கேட்டுட்டேன். இன்னாத்துக்குன்னு கேட்டா, சொன்னேன். அவ, "எங்க சாமி கோவிச்சுக்காது, பறிச்சிக்கோ"ன்னு ஒரு கூடை பறிச்சுக் குடுத்துட்டா. ஊறுகாயா போடறது அவ்ளோ பழத்தை?

கோயில்ல நான் பேசமாட்டேன். சத்தியமா. வாயில வெத்தலையைப் போட்டு அடக்கிகினு தூணுகிட்ட நிக்கறேன். பூசாரி உன்னைக் கேக்கட்டும், நீ சொல்லு. உசுரு இருக்கற வரைக்கும்னு நீ சொல்றதை நான் காதால கேக்கணும். பயமாத்தான் கீது எனக்கு. நடுவுல தப்பிட்டா இன்னா ஆகறதுன்னு. ஆனா தெனம் குடிச்சா மட்டும் இன்னா ஆவப் போறே? கயிறு இருந்தா அவனுங்க ஊத்த மாட்டானுங்கன்னு எழுதிக்கீறே. அதைத்தான் நான் புடிச்சிகினு கீறேன். சாமி காப்பாத்துதோ, அந்தப் பசங்க பயம் காப்பாத்துதோ, எதுவா இருந்தா எனக்கு இன்னா. கட்டிகினு நீ தை மாசம் உக்காந்து எழுதுவே. கை நிக்கும். அந்த ரெண்டு மாசம் நின்னுதே.

உங்கப்பன்கிட்ட இப்பத்தான் சொன்னேன், வெள்ளிக்கிழமை வரான்டா, அவனே கேட்டு வரான்னு. சட்டையை எடுத்து வெளிய வெச்சிட்டான். பேன்ட்டை டெய்லர்கிட்ட குடுக்கணும், நீ வந்ததும் இடுப்பை அளந்துக்கலாம். எளச்சிருப்பே.

கோயிலுக்குப் போட்டுகினு வர நல்ல வேட்டி ஒண்ணு எடுத்து வெச்சிக்கீறேன். மஞ்சத் துணி வாங்கிட்டேன். கற்பூரம் கீது. போன தபா கற்பூரத்தை வெச்சிகினு தீப்பெட்டியைத் தேடிகினு இருந்தேன் பாரு, பையில அடியில போய் மாட்டிகினுது, பூசாரி பேசிகினே இருந்தாரு, நான் பையைக் குடைஞ்சிகினே "சரி சாமி, சரி சாமி"ன்னுகினு இருந்தேன்.

சுனிலு, இப்பத்தான்டா ஞாபகம் வருது. நீ அப்போ கால் கழுவப் போயிருந்தே. அவரு இன்னா சொன்னாருன்னா, "ஒரு ஆளுக்கு ஒரு தபாதாம்மா. கெடு முடிஞ்சு அவுத்தவனுக்குத் திருப்பிக் கட்ட இந்தச் சாமி உத்தரவு குடுக்காது, யார் வந்து கேட்டாலும் நான் கட்டறதில்ல, அதனால கெடுவை மட்டும் நல்லா யோசிச்சுச் சொல்லுங்க"ன்னாரு.